வீட்டு பிளானில் மரம் இல்லை



பி.காம். படிக்கிறவனுக்குக் கட்டடம் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். எங்கள் ஊர் வேளாங்கண்ணி. எங்காவது ஒரு லாட்ஜுக்கு அஸ்திவாரம் தோண்டுவதைப் பார்த்துக்கொண்டேதான் இங்கே எல்லோரும் வளர்கிறோம்.

போன வருடம் சித்தப்பா வீடு கட்ட ஆரம்பித்தார். இன்ஜினியர் பிளானை விரித்து வைத்து ஒரு மணி நேரம் பேசினார். சதுர அடி, கம்பி, சிமென்ட், லோன்... எல்லாம் வந்தது. கொல்லையில் நின்ற வேப்பமரம் மட்டும் பேச்சிலும் வரவில்லை, தாளிலும் இல்லை. ஜேசிபி வந்த அன்றுதான் அப்பாயி கேட்டார்கள், "மரத்தை ஏண்டா சாய்க்கிறீங்க?" யாரிடமும் பதில் இல்லை. இன்ஜினியர் நல்ல மனிதர்தான். நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதே பிளானில் மழைநீர் சேகரிப்புக்கு ஒரு குழி இருந்தது. 2003-லேயே தமிழ்நாட்டில் அது கட்டாயமாகிவிட்டது. "அப்ரூவலுக்காகப் போட்டது" என்பது மட்டும்தான் சித்தப்பாவுக்குத் தெரியும். கடலோரத்தில் நல்ல தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும், அதைத் தடுக்கத்தான் மழைநீரைப் பூமிக்குள் விடுகிறோம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டினார்கள். பல இடங்களில் முதலில் மரங்களை வெட்டித் தரையை மொட்டையாக்கிவிட்டு, கான்கிரீட் வீடுகளை வரிசையாக அடுக்கினார்கள். மீனவக் குடும்பத்துக்கு மரத்தடிதான் வலை சரிசெய்கிற இடம், மதியம் படுக்கிற இடம், நாலு பேர் கூடிப் பேசுகிற இடம். பிளான் போட்டவர்கள் அவர்களைக் கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும்.

தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் வேறு மாதிரி நடந்தது. அங்கே தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு கட்டிய வீடுகளுக்கு ஆர்க்கிடெக்ட் பென்னி குரியகோஸ். அந்தந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் தேவைக்கு ஏற்ப பிளான் போட்டார்கள். நிற்கிற மரங்களைக் காப்பாற்றவும் பார்த்தார்கள். இதற்குப் புதிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கடப்பாரை இறங்கும் முன்பே பேசியதுதான் வித்தியாசம்.

"கஸ்டமர் செலவை மட்டும்தான் கேட்கிறார், நாங்கள் என்ன செய்ய?" என்று இன்ஜினியர்கள் சொல்லலாம். நியாயம்தான். அப்படியானால் செலவாகவே சொல்லுங்களேன். மர நிழல் போனால் கரண்ட் பில் ஏறும். கிணறு உப்பானால் தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டும். இதுவும் செலவுதானே?

ஆடிட்டிங் பாடத்தில் நாங்கள் படிப்பது இது: ஆடிட்டரின் அறிக்கை கம்பெனியின் பங்குதாரர்களுக்காக எழுதப்படுவது. ஒரே ஒரு ஷேர் வைத்திருந்தாலும் அதைப் படிக்க உரிமை உண்டு. ஆயுள் சேமிப்பை எல்லாம் போட்டு வீடு கட்டுகிறவருக்கு அப்படி ஒரு பக்கம்கூடக் கிடைப்பதில்லை. எந்த மரம் போகும், மழைத் தண்ணீர் எங்கே போகும், மேல்மாடி எவ்வளவு சுடும்... தமிழில் ஒரே பக்கம், கையெழுத்துப் போடும் முன்பு. அவ்வளவுதான் நான் கேட்பது.

அப்பாயி இப்போது கொல்லையில் ஒரு வேப்பங்கன்று வைத்திருக்கிறார்கள். அது நிழல் தர இன்னும் பல வருடம் ஆகும். உங்கள் வீட்டில் யாராவது கட்ட ஆரம்பித்தால், பிளானை விரிக்கும்போதே மரம் எங்கே என்று கேட்டுவிடுங்கள்.