எலி மருந்தும் உணவகச் சமையலறையும்

2024 நவம்பரில், நம் காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூரில், எலி மருந்து வைக்கப்பட்ட வீட்டில் உறங்கிய இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். மருந்தை வைத்தது பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம். வேலையாட்கள் இரவில் கடையிலேயே படுத்துறங்கும் காஞ்சிபுரத்து உணவகங்களுக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டாம்.

பட்டெடுக்க வருவோரும் வரதராஜரைச் சேவிக்க வருவோரும் இங்கேதான் சாப்பிடுகிறார்கள். உணவுத் தொழில் உரிமத்துக்கான 2011ஆம் ஆண்டு விதிமுறைகளின் நான்காம் அட்டவணை, எலி, பூச்சித் தடுப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. “மருந்து அடித்துவிட்டோம்” என்பது அதற்குப் பதிலாகாது. கிரைண்டரின் அடியிலும் ஃபிரிட்ஜ் மோட்டாரின் சூட்டிலும் ஒளியும் சிறு கரப்பானின் ஒரு முட்டைக்கூட்டில் 30, 40 முட்டைகள் இருக்கும். தெளிக்கும் மருந்து அதற்குள் எளிதில் இறங்காது. பெரியவை செத்து விழும். சில வாரங்களில் குஞ்சுகள் கிளம்பும். இடுக்குகளில் பொட்டுப் பொட்டாக வைக்கும் ஜெல் மருந்தே மேல்.

சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். கதவடியில் தகரப் பட்டை, சாக்கடை வாயில் கம்பி வலை, தரையைத் தொடாத அரிசி மூட்டை, அன்றிரவே அகற்றப்படும் எச்சில் இலை: விஷமே இல்லாமல் பாதி வேலை இதில் முடியும். கோயில் இட்லிக்கான மந்தாரை இலைக் கட்டுகளையும் மூங்கில் குடலைகளையும் மூடிய, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

தெருக்குப்பையை மாநகராட்சி தினமும் அள்ள வேண்டும். உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் ஒவ்வோர் ஆய்விலும், எந்த மருந்தை, யார், எங்கே, எப்போது வைத்தார்கள் என்ற பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். மருந்து வைத்த இரவில் கடையில் ஒருவரும் படுக்கக் கூடாது.