சிறு மோட்டார் சைக்கிளும் நம் மாணவரும்

நமது கலாசாலை வாயிலிற் காலைதோறும் வந்து நிற்கும் மோட்டார் சைக்கிள்களை நோக்குவார்க்கு ஒரு விஷயம் எளிதிற் புலனாகும். நூறு ஸி.ஸி. வண்டிகள் குறைந்து, அவற்றினும் இருமடங்கு ஆற்றலுள்ளவை பெருகி வருகின்றன. வண்டியைக் கேட்பவன் மகன். மாதத்தவணை செலுத்துபவளோ ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ செருப்புத் தொழிற்சாலையில் நாளெல்லாம் தையல் இயந்திரத்தின் முன் அமரும் தாய். இது தக்கதன்று என்பது நமது அபிப்பிராயம்.

சிறு வண்டியை ஏளனஞ் செய்வார் அதன் சரித்திரத்தை அறியார். 1980-ல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 என்னும் மொபெட், பால் கேனையும் காய்கறி மூட்டையையும் சுமந்து எத்தனையோ குடும்பங்களைக் காத்தது. பின்னர் 1985-ல் இரண்டு வண்டிகள் வந்தன. ஹீரோ ஹோண்டா ஸி.டி. 100 நான்கு வீச்சு எஞ்சின் உடையது, இரண்டு சுழற்சிக்கு ஒருமுறையே எரிபொருளைத் தீக்கொளுவுவது, ஆதலிற் சிக்கனமானது. யமஹா ஆர்.எக்ஸ். 100 இரண்டு வீச்சு எஞ்சின் உடையது, ஒவ்வொரு சுழற்சியிலும் தீக்கொளுவுவது, 98 ஸி.ஸி.யிலேயே 11 குதிரைச்சக்தி தந்தது. பெட்ரோலோடு எண்ணெயும் உடன் எரிதலாற் புகை மிகுதி. 1996-ல் அதன் உற்பத்தி நின்றது. எனினும் இன்றும் அதனைத் தேடிப் பெரும்பொருள் கொடுப்பார் உளர். அவர்தம் ஆசையை யாம் பழியோம். இளமையில் எமக்கும் அவ்வாசை இருந்ததுண்டு.

வேலூர் லாங்கு பஜாரில் இரண்டு கைவண்டிகளுக்கும் ஓர் ஆட்டோவுக்கும் இடையே புகுந்து செல்ல எத்தனை குதிரைச்சக்தி வேண்டும்? அங்கே இலேசான வண்டியே அரசன்.

ஆனால், பள்ளிகொண்டாவிலிருந்து வரும் மாணவர் ஒரு மறுப்புக் கூறுவர். அங்கிருந்து வேலூருக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழியோ சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை. சுங்கச்சாவடியில் இருசக்கர வண்டிக்குக் கட்டணமில்லை; ஆயினும் அதனைக் கடந்தவுடன் லாரிகள் இருபுறமும் விரையுமிடத்துச் சிறு வண்டி காற்றிலே தள்ளாடுகின்றது. இம்மறுப்பு மெய்யே, மறைத்தற்கில்லை. எனினும் லாரியோடு போட்டியிடும் வேகம் இதற்கு மருந்தாகாது. அணுகுசாலை உள்ளவிடத்து அதனிற் செல்லுக. தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டாது தலையில் அணிக. மழைநாளிற் பஸ்ஸில் ஏறுக.

இனி, வண்டியை மனம்போல் மாற்றியமைத்தலைப் பற்றி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிற் கண்ட விவரங்கள் வேறுபடுமாறு வண்டியை மாற்றுதல் கூடாதென்கின்றது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்குச் சிறைத்தண்டனையும் விதிக்க இடந்தந்தது. ஆயினும் நல்ல மாற்றமும் உண்டு. நடக்கவியலாத ஒருவர்க்குப் பின்புறம் பக்கச்சக்கரம் பூட்டி, முறைப்படி பதிவு செய்வித்தால், அவர் பிறர் தோளை நாடாது வேலைக்குச் செல்வார். அதனிற் சிறந்த மெக்கானிக் வேலை வேறில்லை. இருக்கைக்குப் புதிய உறை தைப்பித்தலும் இனிதே; தோல் பதனிடும் இந்நாட்டிலும் அவ்வுறை பெரும்பாலும் ரெக்சினாயிருத்தல் ஒரு வேடிக்கை!

சைலன்ஸரைக் கழற்றுதலோ வேறு. 80 முதல் 175 ஸி.ஸி. வரையுள்ள புதிய வண்டியின் ஓசைக்கு 77 டெஸிபல் எல்லையென்பது விதி. 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் ஆறாம் விதிக்கிணங்கச் செய்த வண்டிகளிற் புகையின் நஞ்சைக் குறைக்கும் கருவி அக்குழாயினுள்ளேயே உளது. அதனை எறிந்து வெறுங்குழாய் பூட்டுவோன், ஓசையோடு நஞ்சினையும் தெருவில் விடுகின்றான். எஞ்சினுக்கோ கூடுதல் வலிமை வருவது அரிது.

சென்ற பருவத் தேர்வன்று இத்தகைய வண்டியொன்று நமது மதிலைச் சுற்றி நான்குமுறை போயிற்று. புழுக்கத்திலும் சாளரங்களை அடைத்துவிட்டே மாணவர் விடை எழுதினர்.