ட்ரைவ் ட்ரிப் ஆனா முதல்ல ரீசெட்டைத் தொடாதீங்க

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பல ரைஸ் மில்களில் இப்போ எலிவேட்டருக்கும் ட்ரையர் ப்ளோயருக்கும் வி.எஃப்.டி. வந்துவிட்டது. ட்ரைவ் வந்தா மோட்டார் எரியாது என்று ஒரு நம்பிக்கையும் கூடவே வந்துவிட்டது. ஆனா மோட்டார் இன்னும் எரிகிறது, காயில் கட்டுற கடைக்கும் வேலை குறையவில்லை. ஓவர்லோடு ட்ரிப் வந்ததும் ரீசெட் அமுக்குறது, மறுபடி வந்தா கரண்ட் செட்டிங்கை ஏத்துறது, இதுதான் பல இடத்தில் "சர்வீஸ்". இந்தப் பழக்கத்துக்குக் காரணம் ஆபரேட்டர் இல்ல, நாமதான் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல அந்த செட்டிங்கை ஏத்தினா என்ன ஆகும் என்று பார்ப்போம். ட்ரைவ் மோட்டாரைத் தொட்டுப் பார்த்து சூட்டைச் சொல்வதில்லை. எவ்வளவு கரண்ட், எவ்வளவு நேரம் என்று வைத்து ஒரு கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்குக்கு அடிப்படை, நாம கொடுக்கிற நேம்பிளேட் கரண்ட். 11 ஆம்பியர் மோட்டாருக்கு 14 என்று போட்டுவிட்டால், 14 ஆம்பியர் நாள் முழுக்கப் போனாலும் ட்ரைவுக்கு அது நார்மல். காப்பர் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும் என்று செகண்ட் இயர்லயே படிச்சிருக்கோம். 14-ஐ 11-ஆல் வகுத்து வர்க்கம் எடுங்க: சுமார் 1.6 வரும். அதாவது காயிலில் 60 சதவீதத்துக்கு மேல் கூடுதல் சூடு. இன்சுலேஷன் விஷயத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு, 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி. ட்ரிப் நின்றது உண்மைதான். காய்ச்சல் குறையவில்லை, தெர்மாமீட்டரைத்தான் உடைச்சிருக்கோம்.

அதைவிட ஏமாத்துகிற கேஸ் ஒண்ணு இருக்கு. செட்டிங் சரி, கரண்டும் நேம்பிளேட்டுக்குள்ளதான், ஆனாலும் மோட்டார் கொதிக்கும். எலிவேட்டரை 20 ஹெர்ட்ஸில் ஓட்டிப் பாருங்க. தூக்குற நெல்லின் எடை மாறாததால் டார்க் குறையாது, கரண்டும் குறையாது. ஆனா மோட்டாரின் பின்னாடி இருக்கும் ஃபேன் அதே ஷாஃப்டில்தான் சுத்துகிறது. வேகம் 40 சதவீதம் என்றால் காற்றும் ஏறக்குறைய அவ்வளவுதான். சூடு அதே சூடு, விசிறி மட்டும் பாதிகூட இல்ல. வெறும் கரண்டைப் பார்க்கும் சாதாரண ரிலே இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. தனி சப்ளையில் ஓடும் கூலிங் ஃபேன் வைக்கணும், இல்லன்னா கியர் ரேஷியோவை மாத்தி மோட்டாரை வேகமா ஓட விடணும். காயிலுக்குள் பி.டி.சி. தெர்மிஸ்டர் வைத்து ட்ரைவில் கொடுத்தால் நிஜமான சூட்டுக்கே ட்ரிப் ஆகும்.

ப்ளோயர், சென்ட்ரிஃப்யூகல் பம்ப் கதை வேற. அங்கே டார்க் வேகத்தின் வர்க்கத்தில் குறையும், பவர் கனத்தில் குறையும். 40 ஹெர்ட்ஸில் பவர் கிட்டத்தட்ட பாதி. அதனால் குறைந்த வேகத்தில் ப்ளோயர் ட்ரிப் ஆனால் லோடைச் சந்தேகப்படாதீங்க. பேரிங், கேபிள், பாராமீட்டரைப் பாருங்க.

பாராமீட்டர் என்றதும் ஞாபகம் வரணும்: பேஸ் ஃப்ரீக்வென்ஸி. சில ட்ரைவ்களில் அது 60 ஹெர்ட்ஸ் என்று வரும். நம்ம மோட்டார் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மாத்தாமல் விட்டால் 50 ஹெர்ட்ஸில் சுமார் 346 வோல்ட்தான் கிடைக்கும். ஃப்ளக்ஸ் குறையும், அதே லோடைத் தூக்க அதிக கரண்ட் இழுக்கும், ஓவர்லோடு வரும். நெல்லைக் குறைத்துப் போடச் சொல்வார்கள். ஒரே ஒரு எண்ணை மாத்தினா போதும் என்று அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

இதோடு நம்ம ஊர் வெயிலையும் சேருங்க. சாதாரண மோட்டாரின் ரேட்டிங் 40 டிகிரி சுற்றுச்சூழலுக்கு. மே மாசத்தில் தகரக் கொட்டகைக்குள் அது தாண்டிவிடும். உமியும் தவிடும் மோட்டார் வரிப்பள்ளத்திலும் ட்ரைவ் பேனல் ஃபில்டரிலும் அப்பிக்கொண்டால் சூடு வெளியே போக வழியே இல்ல. சில நேரம் மொத்த ரிப்பேரும் ஒரு பிரஷ்தான்.

அப்போ ட்ரிப் ஆனா என்ன செய்யணும்? ஃபால்ட் ஹிஸ்டரியைத் திறங்க. ட்ரிப் ஆன நொடியில் இருந்த கரண்ட், ஃப்ரீக்வென்ஸி, டி.சி. பஸ் வோல்டேஜ் பல ட்ரைவ்களில் பதிவாகியிருக்கும். மோட்டார் ஓவர்லோடா, ட்ரைவ் ஓவர்லோடா, ஹீட்சிங்க் சூடா, எர்த் ஃபால்ட்டா என்று பிரிங்க. நாலுக்கும் மருந்து வேற வேற. ஸ்டார்ட்டில் வந்ததா, மெதுவா ஓடும்போதா, ரெண்டு மணி நேரம் கழிச்சா என்று ஆபரேட்டர் அண்ணனிடம் கேளுங்க. அவருக்குத் தெரிந்தது மேனுவலில் இருக்காது. மூணு ஃபேஸ் கரண்டையும் ட்ரைவ் அவுட்புட்டில் அளந்து ஒப்பிடுங்க. சப்ளையை நிறுத்தி, மேனுவல் சொல்லும் நேரம் கெப்பாசிட்டர் இறங்கக் காத்திருந்து, ஷாஃப்டைக் கையால் சுத்திப் பாருங்க. மெக்கர் போடும் முன் மோட்டார் கேபிளை ட்ரைவிலிருந்து கழட்டுங்க. இல்லன்னா மோட்டார் நல்லா இருக்கும், ட்ரைவ் போயிடும்.

"சீசன்ல லாரி நிக்குது, இதெல்லாம் பார்க்க நேரம் எங்கே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மில் நின்றால் கூலிக்காரர் வேலையும் நிக்கும், நெல் கொண்டு வந்தவர் காத்துக் கிடப்பார். அதனாலதான் ரீசெட் ஜெயிக்கிறது. ஆனா இந்தச் சோதனை பழகினவருக்கு அரை மணி நேர வேலை. காயில் எரிந்தால் போவது குறைந்தது ஒரு நாள். அந்த அரை மணி நேரத்துக்குப் பழகினவர் அங்கே இல்ல என்பதுதான் பிரச்சினை.

ஏன் இல்ல? நம்ம லேப்பைப் பாருங்க. சுத்தமான மோட்டார், சரியான செட்டிங், ரீடிங் எடு, கிராஃப் போடு, சைன் வாங்கு. எதுவும் ட்ரிப் ஆகாது, ஆனா பயந்துடுவோம். நான் கேட்பது ஒரு பைசா செலவில்லாத மாற்றம். ஒரு பிராக்டிகல் பரீட்சையிலாவது, சார் ட்ரைவில் ரெண்டு பாராமீட்டரைத் தப்பாக மாத்தி வைக்கட்டும். நேம்பிளேட்டை மட்டும் காட்டி, "ஏன் ட்ரிப் ஆகுது?" என்று கேட்கட்டும். வி பை எஃப் டெரிவேஷனை மனப்பாடமா எழுதுகிற நாம, ஒரு நேம்பிளேட்டைப் படிக்கத் தெரிஞ்சவங்களான்னு அன்னைக்குத் தெரியும்.

அதுவரைக்கும் நீங்க காத்திருக்க வேண்டாம். லேப்பில் இருக்கும் ட்ரைவின் மேனுவலில் ஃபால்ட் பட்டியல் பக்கத்தை இந்த வாரம் ஒரு தடவை படிங்க. ப்ளேஸ்மென்ட்டுக்கு அது வருமா என்று தெரியாது. உங்க ஊர் மில்லுக்கு நிச்சயம் வேணும்.