பெயர் சொல்லி இறைக்கும் நீர்

ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கடலோரத்தில் நின்று பார்ப்பவர்க்கு, தந்தையை இழந்தோர் இத்துணைப் பேரா என்னும் வியப்புத் தோன்றும். குருக்கள் தந்தை, பாட்டன், பூட்டன் என மூவர் பெயரையும் வினவுவார். பாட்டன் பெயர்வரை தடையின்றிச் சொல்பவர், பூட்டன் பெயருக்கு அருகில் நிற்கும் பெரியப்பாவின் முகத்தை நோக்குவர். (எம் மாணாக்கரை வினவியபோதும் இதுவே கண்டோம், அரசர் பரம்பரையை மட்டும் பிழையின்றி ஒப்புவித்தனர்.) பின்னர் எள்ளுந் தண்ணீரும் இறைத்து வீடு சென்றால், காத்தோட்டிக்காய்க் கறியோடு படையல். அன்னையர்க்கு உரிய நாள் சித்திரா பௌர்ணமி. உடலை எரித்து, அந்தியேட்டியன்று சாம்பரைக் கடலிற் கரைத்துவிடும் நமக்கு, நினைவிடமாக எஞ்சுவன அந்நீரும் அப்பெயருமே. நவம்பர் 2 ஆம் நாள் நம் கத்தோலிக்க அயலார் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுவதும் இக்கடனே.

புதைத்துப் போற்றும் வழக்கமும் இம்மண்ணுக்குப் புதிதன்று. போரில் வீழ்ந்தோனுக்குக் கல் நாட்டும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துரைக்கின்றது. 1980 இல் ஆனைக்கோட்டையில் அகழ்ந்த பெருங்கற்காலப் புதைகுழியொன்றில், மட்கலங்களோடு பிராமி எழுத்துப் பொறித்த சிறு முத்திரையொன்றும் கிடைத்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோரும், தம்மவனை எழுத்துப் பொறித்த பொருளோடு மண்ணுக்கு ஒப்புவித்தனர்.

அவ்விடத்திலிருந்து சில கல் தொலைவில் உள்ளது செம்மணி. 1999 இல் அங்கே பதினைந்து உடல்கள் தோண்டியெடுக்கப்பெற்றன. 2025 இல் சித்துப்பாத்தி இந்து மயானத்தில் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது மீண்டும் எலும்புகள் வெளிப்பட்டன. அவ்வாண்டிலேயே இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளங் காணப்பெற்றன. அவற்றிடையே ஒரு புத்தகப்பையும் விளையாட்டுப் பொம்மையும் இருந்தன. மயானத்திலேயே கிடந்தும், கொள்ளியும் இல்லை, பெயரும் இல்லை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்கு, “திதி தெரியாதோர்க்கும் ஆடி அமாவாசை உண்டு, எள்ளுந் தண்ணீரும் இறைத்து மனத்தை ஆற்றிக்கொள்” என்று அறிவுரை கூறும் பெரியோர் சிலர் உளர். சாத்திரம் அதற்கு இடந்தரலாம். ஆயினும் அவ்வறிவுரையை யாம் ஏற்கோம். கண்ணாற் காணாத மரணத்தைத் தன் கையால் நீர்விட்டு உறுதிப்படுத்துமாறு தாயொருத்தியைக் கேட்டல் தகுமா? இறந்தமையை அறிந்து கூறும் பொறுப்பு அரசினது. தோண்டியெடுத்த எலும்புகளை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி, ஒவ்வொன்றையும் உரிய பெயரோடு உரியவர் கையில் ஒப்புவித்தல் வேண்டும். நீர்க்கடன் அதன் பின்னர்.

காலமும் இனித் தாழ்த்தற்கில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரக் கொட்டகையில் அமர்ந்த பெற்றோருட் பலர், விடை காணாமலே காலமாயினர். அவர்களுக்குச் சித்திரா பௌர்ணமியிலும் ஆடி அமாவாசையிலும் பெயர் சொல்லி நீர் இறைக்கவேண்டிய பிள்ளை யாண்டு உளன் என்பது இன்றும் தெரியவில்லை.