செவிலியரின் மனச்சோர்வு எங்கே தொடங்குகிறது?

கரோனா உலகெங்கும் பரவத் தொடங்கியிருந்த நேரம். 2020 ஜனவரி இறுதியில் தொடங்கி ஒரு வார காலத்துக்குள், சீனாவின் 34 மருத்துவமனைகளில் பணியாற்றிய 1,257 மருத்துவர்கள், செவிலியர்களிடம் அவர்களுடைய மனநிலை குறித்து ஓர் ஆய்வுக் குழு விசாரித்தது. பாதிப் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. 44.6% பேருக்குப் பதற்றம்; மூன்றில் ஒருவருக்குத் தூக்கமின்மை. பெண்கள், செவிலியர்கள், நோயாளிகளை நேரடியாகக் கவனித்தவர்கள், வூஹானில் இருந்தவர்கள் ஆகியோரிடம் பாதிப்பு கூடுதலாக இருந்தது. பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதையே சொல்லின.

இதைப் படித்ததும், பெண்கள் நெருக்கடியைத் தாங்க மாட்டார்கள் என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். அது தவறான முடிவு, ஆபத்தானதும்கூட. குறையைப் பணியாளரின் மனதுக்குள் தேடச் சொல்லி, மருத்துவமனை நிர்வாகத்தை அது தப்பவிடுகிறது.

2020 நிலவரப்படி, உலக அளவில் செவிலியர்களில் சுமார் 90% பேர் பெண்கள். கரோனா வார்டில் நோயாளியின் அருகில் அதிக நேரம் இருந்தவர்கள் அவர்கள்தான். ஆக்ஸிஜன் அளவைக் குறிப்பது, நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பது, உள்ளே வர முடியாத உறவினர்களோடு செல்பேசியில் பேசவைப்பது, பிழைக்காமல் போனவரின் உடலைப் பொதிந்து அனுப்புவது எல்லாமே பெரும்பாலும் அவர்களின் கைகளில்தான் இருந்தன.

2020 ஜூனில் டெல்லி எய்ம்ஸ் செவிலியர் சங்கம் போராட்டத்தில் இறங்கியது. கவச உடையுடன் தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் பணியாற்றவைக்கக் கூடாது என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சிறு சலுகையாகத் தெரியலாம். ஆனால், கவச உடையை மாட்டிவிட்டால் தண்ணீர் குடிக்க முடியாது. கழிப்பறைக்குப் போக முடியாது. போக வேண்டுமென்றால் முழுவதையும் கழற்ற வேண்டும். கழற்றியதை மறுபடி அணியக் கூடாது. தட்டுப்பாட்டுக் காலத்தில் இன்னொரு உடைக்கு எங்கே போவது? அதனால், டூட்டிக்குக் கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. டயப்பர் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. மாதவிடாய் நாட்களில் நாப்கின் மாற்ற வழியில்லாமல், வியர்வையும் உதிரமும் கசகசக்க ஐசியூவில் நின்றார்கள். சிறுநீர்ப் பாதைத் தொற்றும் தோல் தடிப்புகளும் வந்தன. இப்படி நிற்கும் ஒருவரிடம் ‘பதற்றமாக இருக்கிறதா?’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? பெரும்பாலும் பெண்களே வேலைபார்க்கும் வார்டுக்குப் பணிப்பட்டியல் போட்டவர்களுக்கு மாதவிடாய் என்ற ஒன்று நினைவுக்கே வரவில்லை என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

டூட்டி முடிந்தாலும் வேலை முடியவில்லை. 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். இது பெருந்தொற்றுக்கு முந்தைய நிலவரம். பொதுமுடக்கத்தில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒத்தாசைக்கு வந்துகொண்டிருந்தவர்களாலும் வர முடியாமல் போனது. பால் குடிக்கும் குழந்தையைத் தூக்கப் பயந்து தனி அறையில் முடங்கிய தாய்மார்களும் இந்தப் பணியாளர்களில் இருந்தார்கள். வீட்டைக் காலிசெய்யச் சொல்லி வீட்டு உரிமையாளர்கள் கொடுத்த நெருக்கடி வேறு.

சீன ஆய்வில், பதவி, பணியிடம் போன்றவற்றின் பாதிப்பைக் கழித்த பின்னும் பாலின வேறுபாடு மறைந்துவிடவில்லை. ஆனால், வீட்டு வேலையின் சுமை அந்தக் கணக்கில் சேர்க்கப்படவே இல்லை. கணக்கில் வராத பாரத்தை இயற்கையின் தலையில் கட்டுவது நியாயமல்ல.

ஆண்கள் நலமாக இருந்தார்கள் என்று இதற்குப் பொருளல்ல. தூக்கம் வரவில்லை, அழுகை வருகிறது என்று ஒப்புக்கொள்ள ஆண்கள் தயங்குவது ஊரறிந்தது. பிணவறை ஊழியர்களும் தூய்மைப் பணியாளர்களும் அந்த ஆய்வில் இடம்பெறவே இல்லை.

தொற்று அடங்கினால் மனமும் அடங்கிவிடும் என்பது அடுத்த தவறான எண்ணம். 2003இல் கனடாவின் டொரண்டோ நகரை சார்ஸ் தாக்கியது. ஓராண்டு முதல் இரண்டாண்டு கழித்து, சார்ஸ் நோயாளிகளைக் கவனித்த மருத்துவமனைகளின் பணியாளர்களையும் அப்படிக் கவனிக்காத மருத்துவமனைகளின் பணியாளர்களையும் ஒப்பிட்டார்கள். முதல் தரப்பினரிடம் பணிச்சோர்வும் மன உளைச்சலும் அப்போதும் கூடுதலாக இருந்தன. நோயாளிகளோடு செலவிடும் நேரத்தைக் குறைத்துக்கொண்டவர்களும் அவர்களில் அதிகம்.

இந்தப் பாடம் 2020லேயே கையில் இருந்தது. இருந்தும் என்ன நடந்தது? தமிழ்நாட்டில் கரோனா பணிக்கென ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்பட்ட செவிலியர்கள், 2022 டிசம்பர் 31உடன் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். அவர்கள் போராடிய பிறகு, மாற்றுப் பணி தருவதாக அரசு சொன்னது. அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாத பெண், தனக்கு மனநலச் சிகிச்சை வேண்டும் என்று மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வார்?

2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எவரும் அழைக்கலாம். நல்ல ஏற்பாடுதான். என்றாலும், தொலைபேசி ஆலோசனை பணிநேரத்தைக் குறைக்காது. ஆள் பற்றாக்குறையைத் தீர்க்காது. அடுத்த பெருந்தொற்றுக்கான தயாரிப்புத் திட்டங்களில் வென்டிலேட்டர், படுக்கை எண்ணிக்கையோடு, கவச உடையில் நான்கு மணி நேர வரம்பு, மாற்று உடை, நாப்கின், பணியாளர்களின் குழந்தைகளுக்கான காப்பகம் ஆகியவற்றுக்கும் நிதி ஒதுக்க வேண்டும். பணிப்பட்டியல் போடும் குழுவில் வார்டு செவிலியர்கள் இடம்பெற வேண்டும். மனநல உதவி கேட்டவரின் விவரம் ஒப்பந்த நீட்டிப்பை முடிவுசெய்பவரின் மேசைக்குப் போகக் கூடாது. டொரண்டோவைப் போல, கரோனா வார்டுகளில் நின்றவர்களின் இன்றைய மனநலத்தை இங்கும் ஆராய வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததென்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களையும் தேடிப்போய் விசாரிக்க வேண்டும்.