பாலில் ஏடு படியலாம். மீன் தொட்டியில் படியலாமா?

பாலைக் காய்ச்சி ஆற வைத்தால் மேலே ஏடு படியும். அது எனக்கு, உனக்கு என்று குழந்தைகள் சண்டை போடுவார்கள்.

கடல் மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியிலும் ஓர் ஏடு படிகிறது. அதற்குச் சண்டை போட யாரும் வருவதில்லை. எடுத்துப் போடவும் யாரும் வருவதில்லை!

தொட்டிக்குள் மஞ்சள் மீன் ஓடுகிறது. கோமாளி மீன் ஒளிந்து விளையாடுகிறது. எல்லோரும் கண்ணாடி வழியாக மீனைப் பார்க்கிறார்கள். தண்ணீரின் மேற்பரப்பை யாரும் பார்ப்பதில்லை.

மீனின் உயிர் இருப்பதோ அந்த மேற்பரப்பில்!

மூச்சு விடும் வாசல்

மீனும் மூச்சு விடுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைச் செவுளால் இழுத்துக் கொள்கிறது.

அந்த வாயு தண்ணீருக்குள் எப்படி வருகிறது? காற்றும் தண்ணீரும் தொடும் இடத்தில், அதாவது மேற்பரப்பில், கரைந்து உள்ளே இறங்குகிறது. மீன் விடும் கரியமில வாயுவும் அதே வழியாகத்தான் வெளியே போகிறது. வீட்டுக்கு வாசல் எப்படியோ, தொட்டிக்கு மேற்பரப்பு அப்படி.

கடல் நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. 25 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், நல்ல தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகப் பிராணவாயுவை ஏற்கும். கடல் நீர் 7 மில்லிகிராம்கூட ஏற்பதில்லை. வெயில் காலத்தில் தண்ணீர் சூடேறினால் இன்னும் குறையும்.

இருப்பதே கொஞ்சம். அதன் வாசலிலும் எண்ணெய்த் திரை போட்டால் மீன் என்ன செய்யும்? சிற்றலை அடங்கி விடுகிறது. வாயு உள்ளே இறங்குவது மந்தப்படுகிறது. வெளிச்சமும் சற்றுக் குறைகிறது.

ஏடு எங்கிருந்து வந்தது?

வானத்திலிருந்து வரவில்லை. மீனுக்கு அள்ளிப் போடும் இரையிலிருந்து வருகிறது. இரையில் கொழுப்பு உண்டு. தின்றது போக மிச்சம் அழுகுகிறது. மீனின் கழிவும், செத்த பாசியும் சேர்கின்றன.

தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு தொட்டிக்குள் கை விடுகிறார்கள். அடுப்படியில் தாளிக்கும் புகை பறந்து வந்து படிகிறது. தூசி விழுகிறது. எல்லாம் சேர்ந்து மேலே வழவழப்பான படலமாகிறது.

"ஒரு துளி எண்ணெய் என்ன செய்துவிடும்?" என்று கேட்கலாம்.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் இதைச் சோதித்தார். லண்டனில் கிளாப்பாம் என்ற இடத்திலிருந்த குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றினார். அது பரவிப் பரவிச் சுமார் அரை ஏக்கர் நீர்ப்பரப்பைக் கண்ணாடி போல் அமைதியாக்கி விட்டது. இந்தச் சோதனை 1774-ம் ஆண்டு அச்சில் வெளிவந்தது. அரை ஏக்கரையே மூடுகிற ஒரு கரண்டி எண்ணெய்க்கு மூன்றடித் தொட்டி எம்மாத்திரம்?

பாத்திரம் கழுவிய பெண்மணி

இந்த ஏட்டின் இரகசியத்தை வெளிப்படுத்தியவர்களில் ஒருவர், வீட்டு வேலை செய்து வந்த ஒரு பெண்மணி!

அவர் பெயர் ஆக்னஸ் பொக்கல்ஸ். ஜெர்மனியில் பிரவுன்சுவைக் நகரில் வாழ்ந்தவர். அக்காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக் கழகத்தில் இடம் இல்லை. வீட்டிலிருந்து நோயாளிப் பெற்றோரைக் கவனித்து வந்தார்.

சமையல் அறையில் தண்ணீரின் மேலே அழுக்கும் எண்ணெயும் பரவுவதைக் கவனித்தார். தகரத் தொட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, அதன் மேல் ஒரு தகரப் பட்டையை வைத்து நகர்த்தினார். பட்டை நகர நகர, மேலே கிடந்த படலம் ஒரு பக்கமாக ஒதுங்கியது! மேற்பரப்பு துப்புரவாயிற்று.

1891-ல் தம் சோதனைகளை இங்கிலாந்து விஞ்ஞானி ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். அவர் அதை 'நேச்சர்' பத்திரிகைக்கு அனுப்பினார். அதே ஆண்டில் அது வெளிவந்தது.

எடுப்பது எப்படி?

மிதக்கும் இலை, இரைத் துணுக்கு, பாசித் துண்டு ஆகியவற்றைச் சிறு வலையால் அள்ளி விடலாம். ஏடு வலையில் சிக்காது.

சிறிய தொட்டியாக இருந்தால் ஒரு சுத்தமான கிண்ணம் போதும். அதன் விளிம்பை நீர்மட்டத்துக்கு ஒரு நூல் கீழே சாய்த்துப் பிடித்தால், மேல்நீர் ஏட்டோடு உள்ளே வழியும். அச்சில்லாத வெள்ளைத் தாளை மேலே பரப்பி, ஒரு ஓரமாகத் தூக்கினாலும் ஏடு ஒட்டிக்கொண்டு வரும்.

பெரிய தொட்டியில் சீப்புப் பல் போன்ற தடுப்பு வைக்கிறார்கள். மேல்நீர் மட்டும் அதன் வழியாகக் கீழ்த் தொட்டிக்கு வழிகிறது. அங்கே 'புரோட்டீன் ஸ்கிம்மர்' என்ற கருவி சிறு குமிழிகளை விடுகிறது. அழுக்கு குமிழியில் ஒட்டி, நுரையாகி மேலே வந்து விடுகிறது. சுத்தமான நீரைப் பம்பு திருப்பி அனுப்புகிறது.

நீர் ஆவியாகி மட்டம் தடுப்புக்குக் கீழே போனால், ஏடு அப்படியே நின்றுவிடும். ஆகவே மட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆவியான அளவுக்கு உப்பில்லாத சுத்த நீரையே ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாவதில்லை அல்லவா? சோப்பு மட்டும் தொட்டியின் பக்கமே வரக் கூடாது.

கிண்ணம் யார் கையில்?

"கடலிலும் நுரை மிதக்கிறதே! அங்கே யார் எடுக்கிறார்கள்?" என்று சிலர் வாதாடுவார்கள்.

கடலுக்கு அலை உண்டு. அலை அடித்து, அழுக்கை நுரையாக்கிக் கரையில் ஒதுக்குகிறது. தொட்டிக்கு அலை ஏது? வளர்ப்பவர் கைதான் அலை!

பல வீடுகளில் நடப்பது என்ன? தொட்டியை வாங்கி வருகிறவர் அப்பா. விருந்தாளிகளுக்கு விளக்கைப் போட்டுக் காட்டுகிறவரும் அப்பா. இரை போடுவது பிள்ளைகள். அழுக்கை எடுப்பது மட்டும் அம்மா! அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மீனுக்கும் மூச்சு முட்டும்.

இது நியாயம் இல்லை. மீன் வேண்டும் என்று கேட்டவர் கையில்தான் கிண்ணமும் இருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இது முடியாத வேலை அல்ல. இரையை அளந்து போடவும், எண்ணெய்க் கையைக் கழுவவும், தினம் ஒரு முறை மேற்பரப்பைப் பார்க்கவும் பழக்கினால் போதும்.

அதற்கும் நேரம் இல்லாதவர்கள் தொட்டி வாங்காமல் இருப்பதே நல்லது. மீனைக் கடலிலேயே விட்டு விடலாம். அங்கே அலை அதைப் பார்த்துக் கொள்ளும்.