நிற்க முடிந்தவர் நிற்க வேண்டும்

யாழ்ப்பாணம் – பருத்தித்துறை வீதியும் கொடிகாமம் வீதியும் சேரும் இடம் நெல்லியடி. சந்தை, கடைகள், வங்கிகள், மத்திய கல்லூரி எல்லாம் கூப்பிடு தூரத்துக்குள் இருக்கின்றன. இங்கே அலுவலாக வருபவர்கள் எப்படியும் ஒருமுறையாவது வீதியைக் கடந்தாக வேண்டும். போருக்குப் பின் வீதிகள் காப்பெற் வீதிகளாயின. வேகம் கூடியது. நடந்து போகிறவர்களைப் பற்றிய எண்ணம் மட்டும் அதற்கேற்பக் கூடவில்லை.

மஞ்சள் கடவையில் கால் வைத்தவருக்கு வாகனம் வழிவிட வேண்டும் என்பதே சட்டம். நடப்பதோ நேர்மாறு. புத்தகப்பையோடு பிள்ளைகள் காத்து நிற்க, வாகனங்கள் கோர்ன் அடித்தபடி போகின்றன. ஒரு பஸ் மரியாதையாக நின்றாலும், அதன் மறைவிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் முந்திக்கொண்டு பாய்கிறது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடிவிடும். அந்த வேகம் 65 ஆனால், மோதுண்டவர் இறக்கும் அபாயம் நான்கரை மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாரதிக்கு மிச்சமாவது சில விநாடிகள். நடப்பவர் பணயம் வைப்பது உயிரை.

நெல்லியடியில் தண்டவாளம் இல்லை. ஆனாலும் கொழும்புக்கு ரயிலேறக் கொடிகாமம் போகிறோம். சுன்னாகம், இணுவில், கோண்டாவில் பக்கம் போகையில் ரயில் கடவைகளைத் தாண்டுகிறோம். 1990 ஜூனில் நின்ற யாழ்ப்பாண ரயில் 2014 ஒக்ரோபரில்தான் திரும்பி வந்தது. இடையில் 24 ஆண்டுகள். ரயில் வரும் என்று நின்று பார்க்கும் பழக்கமே இல்லாமல் இங்கே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. 2024 பெப்ரவரியில் இணுவிலில் ரயில் மோதிய வானில் ஒரு தந்தையும் அவரது கைக்குழந்தையும் இறந்தார்கள். தடுப்பு இருந்தாலும் அவசரம் அதை மதிப்பதில்லை. 2005 ஏப்ரல் 27 அன்று பொல்காவலைக்கு அருகே யங்கல்மோதரவில் ரயிலை முந்திவிடலாம் என்று கடவைக்குள் நுழைந்த பஸ்ஸில் 35 பேருக்கு மேல் மாண்டார்கள்.

இரண்டு கடவைகளுக்கும் நீதி ஒன்றுதான்: நிற்க முடிந்தவர் நிற்க வேண்டும். ரயில் சாரதி பிரேக் போட்டாலும் பல நூறு மீற்றர் உருண்ட பின்பே ரயில் நிற்கும். ஆகவே அங்கே நாம் நிற்க வேண்டும். மஞ்சள் கடவையில், பிரேக் யாருடைய காலடியில் இருக்கிறதோ அவர் நிற்க வேண்டும்.

இதைச் சாரதிகளின் மனச்சாட்சியிடம் மட்டும் விட்டுவிட முடியாது. மங்கிய கோடுகளுக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபை மீண்டும் வண்ணம் பூச வேண்டும். கடவைகளுக்கு இரவில் வெளிச்சம் கிடைக்கப் பிரதேச சபை வழிசெய்ய வேண்டும். பாடசாலை தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் போக்குவரத்துப் பொலிஸார் சந்தியில் நிற்க வேண்டும்; ஹெல்மெட்டைப் பார்க்கும் அதே கண்டிப்போடு கடவையில் நிற்காதவருக்கும் தண்டம் எழுத வேண்டும். காப்பற்ற ரயில் கடவைகளுக்குத் தடுப்பும் மணியும் தேவை. சொற்பக் கொடுப்பனவில் வெயிலிலும் மழையிலும் காவல் நிற்கும் கடவைக் காப்பாளர்களுக்கு நிரந்தர நியமனமும் நியாயமான சம்பளமும் தேவை.

இவற்றைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. அவை வந்து சேரும்வரை காத்திராமல் நம்மால் செய்யக்கூடியதும் உண்டு. நாளை காலை மஞ்சள் கடவையில் ஒருவர் நிற்கக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள், நிறுத்துங்கள், அவர் மறுகரை சேர்ந்த பின் புறப்படுங்கள். தண்டவாளத்தை நெருங்கினால், தடுப்பு திறந்தே கிடந்தாலும், இரு பக்கமும் பார்த்துக் கடந்து செல்லுங்கள். வீட்டில் பிள்ளைகளுக்கும் இதையே பழக்குங்கள்.